கனகராயன் ஆற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: வடமாகாணப் புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என்று வடக்கின் பாடசாலைகளில் புவியியல் படிப்பிக்கிற உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான் வட்டக்கச்சிக்காரன். வயல் செய்கிறவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கனகராயன் ஆற்றை எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு முழு ஆறாகச் சொல்லிக்கொடுங்கள். சேமமடுப் பக்கம் அது தொடங்குகிற இடம் முதல் சுண்டிக்குளம் கடனீரேரியில் உப்புத் தண்ணீரோடு சேருகிற இடம் வரைக்கும்.

உயர்தரத்துக்குப் புவியியல் எடுத்த பிள்ளையிடம் மகாவலி எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டால் யோசிக்காமல் 335 என்று சொல்லும். அருவி ஆறு 164 என்பதும் தெரிந்திருக்கும். நைல் நதியின் கழிமுகத்தைப் பார்க்காமலே கீறிக் காட்டும். வீட்டுக்குப் பின்னால் போகிற ஆறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டுப்பாருங்கள். "இரணைமடுவில" என்று பதில் வரும். இந்த ஆற்றை நடுவில் மறித்துக் கட்டிய பெரிய குளம் அது. ஊர்ப்பேச்சும் அப்படித்தான். கார்த்திகை பிறந்துவிட்டால் சந்தியிலும் தேத்தண்ணிக் கடையிலும் கோயில் வீதியிலும் "குளம் எத்தனை அடி?" என்பதுதான் கேள்வி. ஆற்றைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. குளத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது, கதவு திறந்தால் எந்த வழியால் போகிறது, கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதெல்லாம் ஒரே கதை என்று தெரியாமலே பிள்ளைகள் பாடசாலையை முடித்துக்கொண்டு போகிறார்கள்.

ஆற்றின் நீளம் சுமார் 86 கிலோமீற்றர். இலங்கையின் 103 ஆற்று வடிநிலங்களுக்குள் வைத்துப் பார்த்தால் பெரிய ஆறு என்று சொல்ல முடியாது. ஆனால் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்று மாவட்டங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு போகிறது. அதன் பெரும்பகுதி இரணைமடுவுக்கு மேலேதான் இருக்கிறது. அந்த மேற்பகுதிதான் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாத பகுதி.

வரைபடத்தை விரித்து முதலில் வவுனியாவைக் காட்டுங்கள். அங்கே மலை இல்லை. நகரமே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய நூறு மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் வடக்கின் ஆறுகள் பல அந்த மேட்டிலிருந்துதான் பிரிந்து போகின்றன. தெற்கிலும் மேற்கிலும் விழுகிற மழையில் பெரும்பங்கு அருவி ஆற்றோடும் பறங்கி ஆற்றோடும் மன்னார்ப் பக்கம் போகிறது. பாலி ஆறு வவுனிக்குளத்தை நிரப்பிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போகிறது. கிழக்கே பேராறு முத்தையன்கட்டுக் குளத்துக்கு இறங்குகிறது. நடுவில் எஞ்சுகிற மழைதான் கனகராயன் ஆறாகி நேரே வடக்கே வருகிறது. பக்கத்துப் பக்கத்துக் காணிகளில் விழுகிற இரண்டு துளிகளில் ஒன்று மன்னார்க் கடலிலும் மற்றது சுண்டிக்குளத்திலும் போய் முடியலாம். நீர்பிரிமேடு என்ற பாடத்தை அல்ப்ஸ் மலையை வைத்துப் படிப்பிப்பதைவிட ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் பஸ்ஸை நிறுத்திப் படிப்பிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத மேட்டை வரைபடத்தின் சமவுயரக் கோடுகளால் கண்டுபிடிக்கிறதுதான் நல்ல பயிற்சி.

இந்த ஆற்றுக்கு ஊற்று என்று கைகாட்ட ஓர் இடம் கிடையாது. மலையில் கசிந்து, பாறையில் விழுந்து, பிறகு சமவெளிக்கு வருகிற ஆறு என்று புத்தகத்தில் இருக்கும் படம் இதற்குப் பொருந்தாது. காட்டுக்குள் சின்னச்சின்னக் குளங்கள் இருக்கின்றன. மேல் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் கீழ்க் குளத்துக்கு வரும். கீழ்க் குளமும் நிரம்பினால் ஓடையாகும். ஓடைகள் கூடினால் ஆறு. ஏ9 வீதியால் போகிறவர்கள் கனகராயன்குளம், மாங்குளம் என்று பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டு போகிறோம். அந்தப் பாதைக்குக் கிட்டத்தட்ட இணையாகத்தான் ஆறும் வடக்கே வருகிறது. மாங்குளத்துக்குக் கிழக்கே, அம்பகாமம் பக்கத்துக் காட்டு வழியாக அது வருவது வீதியில் போகிறவர்களின் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

மழை வந்தால் என்ன நடக்கிறது என்பதைத்தான் பிள்ளைகள் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். புரட்டாதிக் கடைசியில், ஐப்பசித் தொடக்கத்தில் வருகிற முதல் மழையை வறண்ட மண் குடித்துவிடும். ஆறு மாதமாகக் காய்ந்து வெடித்துக் கிடந்த நிலம் அது. அடுத்த மழை காட்டுக் குளங்களுக்குள் போகும். ஐப்பசி முழுக்கப் பெய்தாலும் இரணைமடுவின் அளவுகோலில் சில அங்குலம்தான் ஏறும். "இந்த முறை மழை பிழைச்சுப்போச்சு" என்று ஆட்கள் கவலைப்படத் தொடங்குவார்கள். அப்புறம் கார்த்திகையிலோ மார்கழியிலோ வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் வரும். அதே அளவு மழைதான் பெய்யும். ஆனால் இப்போது மண் ஊறிவிட்டது, மேல் குளங்கள் எல்லாம் முட்ட நிற்கின்றன. பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. பெய்கிற மழை அப்படியே ஆற்றுக்கு வரும். ஐப்பசியில் ஆபத்தில்லாத மழை மார்கழியில் வெள்ளமாவது இதனால்தான். மழைமானியின் எண்ணை மட்டும் பார்த்தால் இது விளங்காது. மேலே குளங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு கணக்கும் கொடுக்கலாம். 100 சதுர கிலோமீற்றர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு கோடி கன மீற்றர் தண்ணீர். இரணைமடு முழுதாக நிரம்பினால் பிடிக்கிறது 119,500 ஏக்கர் அடி, அதாவது ஏறக்குறைய பதினாலே முக்கால் கோடி கன மீற்றர். குளத்துக்கு மேலே இருக்கிற நீரேந்து பகுதி பல நூறு சதுர கிலோமீற்றர். மண்ணும் குளங்களும் நிரம்பிய நாளில் அந்தப் பரப்பு முழுவதும் 200 மில்லிமீற்றர் கொட்டினால், அதில் பாதி வந்து சேர்ந்தாலே குளத்தில் எவ்வளவு ஏறும் என்று பிள்ளைகளே பார்க்கட்டும். தரம் பத்துப் பிள்ளைக்கு இது கடினமில்லை. ஒருதரம் கணக்குப் பார்த்த பிள்ளை பிறகு வானொலியில் தாழமுக்கம் என்று கேட்டால் வேறு விதமாகக் காதுகொடுக்கும்.

கோடையிலும் ஒருதரம் கூட்டிப்போங்கள். ஆவணியில் ஆற்றுப் படுகையில் நின்றால் அது ஆறு என்றே நம்பமாட்டார்கள். அகலமான வெண்மணல் பாதை ஒன்று காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். இரண்டு கரையிலும் பெரிய மருத மரங்கள். மழைக்கால வெள்ளம் கரையை அரித்து அவற்றின் வேர்களை ஆள் உயரத்துக்கு வெளியே விட்டிருக்கும். வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று அறிய அந்த வேர்களில் சிக்கிக் காய்ந்திருக்கிற செத்தையைப் பார்த்தால் போதும். மணலில் கையால் பூவல் தோண்டினால் முதலில் ஈரம் தட்டும், பிறகு மெல்லத் தண்ணீர் ஊறும். தெளிய விட்டால் கண்ணாடிபோல் இருக்கும். யானையும் அதைத்தான் செய்கிறது, அது தோண்டிய பள்ளங்களையும் பக்கத்தில் காணலாம். ஆறு வற்றவில்லை, மணலுக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று அந்த இடத்தில் சொன்னால் பிள்ளைக்கு ஒரு வார்த்தையில் விளங்கும். வகுப்பறையில் நிலக்கீழ் நீர் என்று கரும்பலகையில் கீறிக் காட்டுவதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மணலைப் பற்றிப் பேசாமல் எங்கள் ஆற்றைப் பற்றிப் பேச முடியாது. ஆற்று மணலுக்கு எவ்வளவு கிராக்கி என்பதும், இரவில் எத்தனை உழவு இயந்திரங்கள் ஆற்றுக்குள் இறங்குகின்றன என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பிடிப்பது பொலிஸின் வேலை, உங்கள் வேலை இல்லை. ஆனால் மணல் போனால் ஆற்றுக்கு என்ன நடக்கும் என்று சொல்வது உங்கள் வேலை. படுகை தாழ்ந்தால் பக்கத்துக் கிணறுகளின் தண்ணீரும் தாழும். கரை இடியும். மருத மரம் சாயும். இன்னும் ஒன்று, இதைப் பெரியவர்கள்கூட யோசிப்பதில்லை: குளக்கட்டுக்குக் கீழே மணல் திரும்பி வருவது மிகவும் குறைவு. மேலிருந்து ஆறு கொண்டுவருகிற மணலில் பெரும்பங்கு இரணைமடுவின் அலைகரையிலேயே படிந்துவிடுகிறது. கதவால் வெளியே வருவது பெரும்பாலும் தண்ணீரும் நொய்ச் சேறும்தான். ஆகவே வட்டக்கச்சிக்கும் கண்டாவளைக்கும் இடையில் அள்ளுகிற மணல் பல தலைமுறைக்கு முந்திய மணல். அடுத்த மாரி கொண்டுவந்து போட்டுவிடும் என்று நினைத்து அள்ளுகிறோம். அது வராது. ஒரு புவியியல் ஆசிரியர் இதைச் சொன்னால் நான் சொல்வதைவிட எடுபடும்.

இரணைமடுவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் அதை ஆற்றின் ஒரு பகுதியாக வைத்துப் பேசுங்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் அது. பிறகு பலமுறை உயர்த்தினார்கள். கடைசியாக நடந்த புனரமைப்பில் முழுக் கொள்ளளவின் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாகியது. இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் இதை நம்பியிருக்கிறது. இடதுகரை வாய்க்கால் உருத்திரபுரம் பக்கம், வலதுகரை வாய்க்கால் எங்கள் வட்டக்கச்சி, இராமநாதபுரம் பக்கம். 1930களில் தொடங்கிய குடியேற்றங்கள், பின்னால் வளர்ந்த கிளிநொச்சி நகரம், 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்த கிளிநொச்சி மாவட்டம் எல்லாமே இந்த ஒரு மறிப்பின் பின்னால் வந்தவை. ஆறு ஒரு ஊரை உண்டாக்கிய வரலாறு பாடப் புத்தகத்தில் எகிப்துக்கு இருக்கிறது. எங்களுக்கும் இருக்கிறது.

2018 டிசெம்பர் வெள்ளத்தை எங்கள் பிள்ளைகள் பார்த்தார்கள். அன்று சின்னவர்களாக இருந்தவர்கள்தான் இன்று உங்கள் உயர்தர வகுப்பில் இருக்கிறார்கள். முரசுமோட்டை, கண்டாவளை, வட்டக்கச்சி என்று தண்ணீர் புகுந்த இடங்களில் அவர்கள் பாயையும் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வெள்ளம் வடிந்த பிறகு ஊரில் நடந்த வாக்குவாதம் முழுவதும் பதினான்கு வான்கதவுகளைப் பற்றித்தான். எப்போது திறந்தார்கள், ஏன் பிந்தினார்கள், யார் சொன்னார்கள். அந்தக் கேள்விகள் நியாயமானவை, அவற்றை விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். ஆனால் கனகராயன்குளத்தில் விழுந்த மழை இரணைமடுவுக்கு வந்துசேர எத்தனை மணித்தியாலம் எடுக்கும், கதவால் வெளியேறிய தண்ணீர் கண்டாவளையைத் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விகளைச் சந்தியில் ஒருவரும் கேட்கவில்லை. அவற்றின் பதில் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருந்தால் பாயைச் சுருட்ட எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது தெரிந்திருக்கும். புவியியல் ஓர் ஊரின் உயிரைக் காப்பாற்றுகிற பாடம் என்று நான் நம்புவது இதனால்தான்.

குளத்துக்குக் கீழே ஆறு எப்படிப் போகிறது என்பது இன்னும் குழப்பமானது. சரிவு மிகக் குறைவு. மொத்த நீளத்துக்கும் பார்த்தால் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் அளவுதான், கீழே போகப் போக அதுவும் இல்லை. வயலுக்குப் போன தண்ணீரின் கழிவும் வாய்க்கால்களால் திரும்பி ஆற்றுக்கே வருகிறது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியைக் கடந்து கண்டாவளைக்கு அப்பால் போனால் கரை எது, வயல் எது, தரவை எது என்று மழைக்காலத்தில் பிரித்துச் சொல்வது கடினம். ஆறு அகலித்து, ஆழம் குறைந்து, உவர் நிலத்துக்குள் போய்விடும். புல் மாறும், செடி மாறும். மருதமரம் நின்ற இடத்தில் கண்டல் வரும். தண்ணீரை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். இது ஒரு நாளில் பிள்ளைகள் பார்க்கக்கூடிய மாற்றம். காலையில் குளக்கட்டில் நின்றுவிட்டு மத்தியானம் கடனீரேரிக் கரையில் நிற்கலாம்.

சுண்டிக்குளத்தை முடிவு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆனையிறவில் ஏ9 வீதியும் ரயில் பாதையும் போகிற அணை மேற்கே யாழ்ப்பாணக் கடனீரேரியிலிருந்து இதைப் பிரிக்கிறது. கிழக்கே கடலுக்கும் இதற்கும் இடையில் மணல்திட்டு. கோடையில் நீரேரி சுருங்கி உப்புப் பூத்துக் கிடக்கும். மாரியில் கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் மற்ற ஓடைகளும் வந்து சேர நீர்மட்டம் ஏறும். ஏறி ஏறி சுண்டிக்குளத்தில் வாய் திறந்து கடலோடு கலக்கும். அந்த நன்னீர் வரவில்தான் இறாலும் மீனும் இருக்கின்றன, அவற்றை நம்பித்தான் பறவைகள் வருகின்றன. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த இடம் 2015இல் தேசியப் பூங்காவாகியது. வாடைக்காலத்தில் பூநாரைக் கூட்டம் நிற்பதைப் பார்க்க எங்கெங்கோ இருந்து ஆட்கள் வருகிறார்கள். கிளிநொச்சிப் பிள்ளைகள் பலர் ஒருதரமும் போனதில்லை.

இங்கே ஒரு பெரிய விவாதம் இருக்கிறது, அதை வகுப்பறைக்கு வெளியே விடாதீர்கள். கனகராயன் ஆற்றுத் தண்ணீர் வருடம் வருடம் கடலில் வீணாகிறது என்று பலர் சொல்வார்கள். 1950களில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு வேண்டும் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவில் பாலங்களை அடைத்து, சுண்டிக்குளத்தில் அணை கட்டி, அந்த நீரேரியை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுபோவது என்பதுதான் அதன் சுருக்கம். அதில் சில வேலைகள் நடந்தன, முழுத் திட்டம் நிறைவேறவில்லை. யாழ்ப்பாணத்துக்கு அது ஏன் அவ்வளவு பெரிய கனவு என்பதை நிலத்துக்கு அடியில் இருக்கிற கல்லை வைத்து விளக்கலாம். வன்னியின் அடியில் மிகப் பழைய படிகப் பாறை. அது தண்ணீரை அதிகம் பிடித்து வைக்காது, அதனால்தான் எங்கள் முன்னோர் நிலத்துக்கு மேலே குளம் கட்டினார்கள். குடாநாட்டின் அடியில் மயோசின் காலத்துச் சுண்ணக்கல். மழை அதற்குள் இறங்கித் தங்கும், அதனால் அவர்கள் கிணறு வெட்டினார்கள். மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றைத் தவிர அங்கே ஆறு என்று ஒன்று இல்லை. கிணற்றில் அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். இந்த ஒரு பாடத்தைக் கேட்ட பிள்ளைக்கு ஏன் ஒரு பக்கம் குளமும் மறுபக்கம் துலாவும் வந்தன என்பது வாழ்நாள் முழுக்க மறக்காது.

இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது எங்கள் விவசாயிகள் எதிர்த்தார்கள். நானும் அவர்களோடு நின்றவன். சிறுபோகத்துக்கே, அதாவது கோடைப் பயிருக்கே, முழு வயலுக்கும் தண்ணீர் காணாத இடத்தில் அந்தப் பயம் வெறும் பிடிவாதம் இல்லை. யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன குடும்பத்தின் தேவையும் பொய் இல்லை. கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டினார்கள். 2024 ஆகஸ்ட்டில் திறந்த அது நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தரக்கூடியது. அந்த வருடங்களில் இரண்டு பக்கமும் பேசிய பேச்சு இப்போதும் காதில் இருக்கிறது. எங்கள் தண்ணீர், உங்கள் தண்ணீர் என்று பேசினோம். சேமமடுவிலும் கனகராயன்குளத்திலும் இருக்கிறவர்களை, அதாவது அந்த மழை விழுகிற காணிக்குச் சொந்தக்காரர்களை, ஒருவரும் கேட்கவில்லை. சுண்டிக்குளத்து மீனவரையும் கேட்கவில்லை. ஆற்றைத் தலை முதல் கால் வரை ஒரே படத்தில் பார்த்த தலைமுறை வந்தால் அடுத்த முறை அந்தப் பேச்சு வேறு மாதிரி இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. நீரேரிக்குப் போகிற தண்ணீரில் எவ்வளவு மீனுக்கும் கண்டலுக்கும் தேவை, எவ்வளவை மறிக்கலாம் என்று ஒரு வகுப்பு விவாதிக்கட்டும். யாழ்ப்பாணப் பிள்ளைகளும் விவாதிக்கட்டும். அதனால்தான் இந்த மடலில் யாழ்ப்பாண ஆசிரியர்களையும் சேர்த்திருக்கிறேன்.

உங்கள் சிரமம் தெரியும். பாடத்திட்டம் நீளம், காலம் குறைவு, பரீட்சைக்கு மகாவலி வரும், கனகராயன் வராது. பெற்றோரும் புள்ளியைத்தான் கேட்பார்கள். ஆனால் 1:50,000 இடவிளக்கப் படத்தை வாசிக்கக் கற்பிக்கிறது ஏற்கெனவே உங்கள் வேலைக்குள் இருக்கிறது. அந்தப் பயிற்சிக்கு எங்கேயோ இருக்கிற மலைநாட்டுத் துண்டை எடுப்பதற்குப் பதிலாக நில அளவைத் திணைக்களத்தின் எங்கள் பகுதித் தாள்களை எடுக்கலாம். இரண்டு மூன்று தாளை ஒட்டி, நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழ்வரை விரலால் வந்தாலே பிள்ளைக்கு ஆறு பிடிபட்டுவிடும். செய்மதிப் படங்கள் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆவணிப் படத்தையும் மார்கழிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுண்டிக்குளம் எவ்வளவு விரிகிறது என்று சதுரம் எண்ணச் சொல்லுங்கள்.

களப்பயணத்துக்கு ஒரு எச்சரிக்கை. போர் நடந்த காடு அது. மிதிவெடி அகற்றி முடித்ததாக உறுதிப்படுத்திய இடங்களுக்கு மட்டும், கிராம அலுவலரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். மடுக்களில் முதலை இருக்கும். காட்டுப் பகுதியில் வெயில் சாய முதல் திரும்பிவிட வேண்டும், யானை வரும் நேரம் அது.

என் ஆசையில் முக்கியமானது இதுதான். மேலே ஒரு பாடசாலை, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. கனகராயன்குளம், மாங்குளம், வட்டக்கச்சி, கண்டாவளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி. காலை எட்டரைக்கு ஒரு பிள்ளை அளந்து வட்ஸ்அப்பில் போடட்டும். இரணைமடுவின் அடிக்கணக்கு மாரியில் செய்தியிலேயே வருகிறது, அதையும் பக்கத்தில் எழுதட்டும். ஒரு மாரி முழுக்க இதைச் செய்தால் மேலே மழை பெய்து எத்தனை நாளில் குளம் ஏறுகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். ஐப்பசிக்கும் மார்கழிக்கும் உள்ள வித்தியாசத்தை நான் மேலே எழுதியதை நம்பத் தேவையில்லை, அவர்களுடைய கொப்பியிலேயே இருக்கும். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் குளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கிருந்து ஒரு விரிவுரையாளர் வந்து அந்தக் கொப்பியைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு உற்சாகமாக இருக்கும் என்று யோசியுங்கள். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. யாரோ ஒரு ஆசிரியர் தொடங்க வேண்டும்.

இந்த ஐப்பசிக்கு முதல் தொடங்கினால் ஒரு மாரியும் தவறாது. வட்டக்கச்சிப் பக்கம் வருகிற பாடசாலைகளுக்கு என்னால் ஆனதைச் செய்வேன். என் வயல் ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம். கிணறு ஒன்று இருக்கிறது, கட்டில் அடி அங்குலம் குறித்து வைத்திருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் ஏற அதில் எப்படி ஏறுகிறது என்று எந்த வகுப்பும் வந்து அளக்கலாம். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். வருவதை ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டால் போதும்.

அன்புடன்,
வட்டக்கச்சியிலிருந்து ஒரு விவசாயி